கொடி ஏறியது, ஆட்சி கைமாறியதா?

1943 டிசம்பர் 30 அன்று போர்ட் பிளேர் ஜிம்கானா மைதானத்தில் நேதாஜி மூவண்ணக் கொடியை ஏற்றினார். அதன் 75-ஆம் ஆண்டு நிறைவை 2018-ல் மத்திய அரசு அங்கேயே விழாவாக எடுத்தது. 75 ரூபாய் நினைவு நாணயம் வந்தது, ஹேவ்லாக், நீல் தீவுகள் ஸ்வராஜ், ஷஹீத் ஆயின. இந்திய மண்ணில் முதலில் விடுதலையானது அந்தமான்தான், ஆகவே டிசம்பர் 30-தான் தீவுகளின் அசல் சுதந்திர தினம் என்று வாதிடுவோரும் உண்டு. அந்த நாளைக் கொண்டாடலாம், தவறே இல்லை. ஆனால் இறையாண்மை கைமாறிய நாள் என்று அதைச் சொல்வதற்கு வரலாறு இடம் கொடுக்கவில்லை.

1943 நவம்பரில், ஜப்பான் பிடியில் இருந்த தீவுகளை நேதாஜியின் ஆசாத் ஹிந்த் அரசிடம் ஒப்படைக்கப்போவதாக டோக்கியோவில் ஜப்பான் பிரதமர் டோஜோ அறிவித்தார். அதை நம்பி 1944 பிப்ரவரியில் தலைமை ஆணையராக வந்து இறங்கியவர் ஒரு தமிழர்: மருத்துவரான ஏ.டி. லோகநாதன். அவர் கைக்கு வந்தது கல்வித் துறை மட்டுமே. போர் நடப்பதைக் காரணம் காட்டிக் காவல் துறையைத் தர ஜப்பானியக் கடற்படை மறுத்துவிட்டது. போலீஸ் இல்லாமல் மற்றத் துறைகளை வாங்கி என்ன செய்ய என்று அவரும் ஒதுங்கிக்கொண்டார். பள்ளிக்கூடங்களை மட்டும் நடத்துகிற அரசை அரசு என்பதா? கொடியேறி ஒரு மாதத்திலேயே, 1944 ஜனவரி 30 அன்று, ஒற்றர்கள் என்று குற்றஞ்சாட்டி 44 பேரை ஹம்ப்ரிகஞ்சில் ஜப்பானியர் சுட்டுக் கொன்றனர். அவர்களில் பலர் இந்திய சுதந்திர லீக்கைச் சேர்ந்தவர்கள், அதாவது நேதாஜியின் ஆட்கள்.

புதுச்சேரியைப் பார்த்தால் வேறுபாடு விளங்கும். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேர் கூடினர். இணைப்புக்கு 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான மாற்றம் 1962 ஆகஸ்ட் 16-ல்தான் நிறைவேறியது. இரண்டு நாட்களையும் அங்கே கொண்டாடுகிறார்கள், இரண்டுக்கும் கணக்கு இருக்கிறது. 1943-ன் அந்தமானிலோ நிர்வாகமும் வரவில்லை, சட்டப்படியான உரிமையும் வரவில்லை.

ஆசாத் ஹிந்த் அரசை ஜப்பான், ஜெர்மனி உள்ளிட்ட நாடுகள் அங்கீகரித்திருந்தனவே என்று கேட்கலாம். ஓர் அரசை அங்கீகரிப்பது வேறு, நிலத்தை அதன் கையில் கொடுப்பது வேறு. 1945 அக்டோபரில் அதே ஜிம்கானா மைதானத்தில் தீவுகளைப் பிரிட்டிஷாரிடம் ஒப்படைத்துக் கையெழுத்திட்டவர் ஜப்பானியத் தளபதிதான். வெள்ளையன் கொடுத்த ஆகஸ்ட் 15-ஐ மட்டும் எப்படி ஏற்பது என்பது இன்னொரு கேள்வி. அதுவும் தானாக வந்து மடியில் விழவில்லை. 1947-ல் பிரிட்டிஷ் படைத் தலைமை தீவுகளைத் தன்வசமே வைத்துக்கொள்ள விரும்பியது, முஸ்லிம் லீக் பாகிஸ்தானுக்குக் கேட்டது, காங்கிரஸ் விட்டுக்கொடுக்கவில்லை. அந்த இழுபறி முடிந்து தீவுகள் இந்தியாவிடம் வந்தபோது, லோகநாதனுக்குக் கிடைக்காத காவல் துறையும் சேர்ந்தே வந்தது.