ஒரு குவளையின் அடக்க விலை

வார இறுதியில் சக்கரத்தில் மண் வைத்துப் பழகியவரின் வீட்டு அலமாரி சில மாதங்களில் நிறைந்துவிடும். வந்து பார்ப்பவர்கள் "இது எவ்வளவு?" என்று கேட்பார்கள். பெரும்பாலோர் வாய்க்கு வந்த ஒரு தொகையைச் சொல்கிறார்கள். கணக்கு நோட்டைத் திறக்க வேண்டிய நேரம் அதுதான். பாண்டிச்சேரியில் ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் 1971-ல் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அங்கே பயின்ற பலர் தனிப் பட்டறை வைத்தார்கள். அந்த வட்டாரத்தில் பரவிய ஸ்டோன்வேர் (உயர் வெப்பத்தில் சுடும் கெட்டி மண்பாண்டம்) பாணியில் 50 தேநீர்க் குவளைகள் செய்வதாக வைத்துக்கொள்வோம். கீழே உள்ள விலைகளும் நேரமும் கணக்குக்காக எடுத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளலாம்.

அளவு

ஸ்டோன்வேர் மண் காய்ந்து, 1,220 டிகிரி செல்சியஸில் வெந்து முடிவதற்குள் சுமார் 12% சுருங்கும். 11 செ.மீ. உயரத்தில் வனைந்தது 9.7 செ.மீ. ஆகிவிடும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்குவதால் கொள்ளளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். 300 மி.லி. பிடிக்கும் குவளை வேண்டுமென்றால் 440 மி.லி. அளவுக்கு வனைய வேண்டும்.

சேதாரம்

வனைந்தது: 50
காயும்போது பிடி விரிசல் விட்டது: 5
முதல் சூளையில் போனது: 2
கிளேஸ் (கண்ணாடிப் பூச்சு) பூசிச் சுட்ட இரண்டாம் சூளையில் போனது: 3
விற்பனைக்கு மிஞ்சியது: 40

முதல் 5 குவளைகளின் மண் வீணாகாது. தண்ணீரில் ஊறப்போட்டால் மறுபடி பிசையலாம். சூளையில் சுமார் 600 டிகிரியைத் தாண்டினால், மண்ணோடு வேதியியல் முறையில் பிணைந்த நீரும் வெளியேறிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு ஊறவைத்தாலும் அது களிமண்ணாகாது. பச்சை மண்ணும் சுட்ட மண்ணும் ஒட்டாது என்று சும்மாவா சொன்னார்கள்!

செலவு

மண், 20 கிலோ × ரூ.40: ரூ.800
கிளேஸ், 43 × ரூ.15: ரூ.645
மின்சாரம், இரண்டு சூளைக்கும் 90 யூனிட் × ரூ.10: ரூ.900
அட்டைப்பெட்டி, பொதி, 40 × ரூ.40: ரூ.1,600
சக்கரம், சூளைத் தேய்மானம்: ரூ.833
கூலி, 35 மணி × ரூ.150: ரூ.5,250
மொத்தம்: ரூ.10,028

ரூ.2 லட்சம் முதலை 10 ஆண்டுகளுக்கு, மாதம் 2 சூளைத் தொகுதி வீதம் பிரித்ததே தேய்மானம். கூலியின் 35 மணி நேரத்தில் பிசைவது, வனைவது, அடி சீவுவது, பிடி ஒட்டுவது எல்லாம் சேர்ந்து குவளைக்கு 23 நிமிடம். கிளேஸ் பூசுவதும் சூளை அடுக்குவதும் பொதி கட்டுவதும் மீதி நேரத்தில் அடங்கும்.

மொத்தத்தை 50-ஆல் வகுக்கக் கூடாது. கையில் மிஞ்சிய 40-ஆல் வகுக்க வேண்டும். அடக்க விலை ரூ.251. இதில் மண்ணின் பங்கு 8% மட்டுமே, கூலியின் பங்கு 52%.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

பாதி விலைக்கு மண் கிடைத்தாலும் குவளைக்கு ரூ.10தான் குறையும். சேதாரத்தைப் பாதியாக்கி 45 குவளைகளை எடுத்தால், கூடுதல் கிளேஸ், பொதி, கூலி போக அடக்க விலை ரூ.233-க்கு இறங்கும். இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். உடலும் பிடியும் ஒரே ஈரத்தில் இருக்கும்போது ஒட்டி, பிளாஸ்டிக் தாளால் மூடி மெதுவாகக் காயவிடுங்கள். அடியிலிருந்து 3 மி.மீ. உயரம் வரை கிளேஸை ஈரப் பஞ்சால் துடைத்துவிட்டால், அது வழிந்து சூளைத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து வெகுவாகக் குறையும்.

விலை

கடைக்காரர் 40% கழிவு கேட்டால் கடை விலை ரூ.420 இருக்க வேண்டும். சந்தையில் நீங்களே விற்றாலும் அதே விலைதான். கழிவாகப் போகாத அந்தத் தொகை சந்தைக் கடை வாடகைக்கும் அங்கே நிற்கும் நாளுக்கும் சரியாகிவிடும்.

கூலியை நீக்கினால் ஒரு குவளைக்கு ரூ.120 வருகிறது. "பொழுதுபோக்குத்தானே" என்று ரூ.120-க்குக் கொடுப்பவர் 35 மணி நேர உழைப்பை இலவசமாகக் கொடுக்கிறார். அவருக்கு வேறு சம்பளம் இருக்கலாம். பக்கத்துக் கடையில் இதையே நம்பிப் பிழைக்கும் வேளாருக்கு அது கிடையாது. வாங்குபவர் அந்த 120-ஐச் சொல்லித்தான் அவரிடம் பேரம் பேசுவார். அதனால், முதல் குவளையை விற்கும் நாளிலிருந்தே விலையில் கூலியைச் சேர்த்துவிடுங்கள். நண்பருக்குக் கொடுக்க மனம் வந்தால் பரிசாகவே கொடுங்கள். விற்பதானால் முழு விலைக்கு விற்றுவிடுங்கள்.