காலப்பயண நகைச்சுவையில் அரசியலும் மாந்தரும்

காலத்தை முன்னும் பின்னும் கடந்து செல்லும் கதைகள், தம்மை ஆக்கியோர் தம் காலத்தை எவ்வாறு எண்ணினர் என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். இதற்குத் தக்க சான்று, 1989இல் வெளிவந்த 'பேக் டு த ஃபியூச்சர் 2' என்னும் அமெரிக்க நகைச்சுவைப் படமாகும். 1985இல் வந்த படத்தின் தொடர்ச்சியாகிய இதனை ராபர்ட் செமெக்கிஸ் இயக்கினார். பாப் கேல் திரைக்கதை எழுதினார்.

முதலில் இதன் அரசியலை நோக்குவோம். மார்ட்டி என்னும் இளைஞன் 1985இலிருந்து 2015க்குச் சென்று, ஐம்பது ஆண்டு விளையாட்டு முடிவுகள் அடங்கிய நூலொன்றை வாங்குகிறான். அது பிஃப் என்னும் முரட்டுக் கிழவன் கையிற் சிக்குகிறது. அவன் கால ஊர்தியைத் திருடி 1955க்குச் சென்று, இளைஞனாயிருக்கும் தன்னிடமே அந்நூலைக் கொடுக்கிறான். பந்தயங்களில் செல்வம் குவித்த பிஃப், சூதாட்டத்தைச் சட்டம் ஏற்கச் செய்து, ஊரின் நீதிமன்றக் கட்டடத்தையே சூதாட்ட விடுதியாக்குகிறான். பள்ளி எரிந்து கிடக்கிறது. நிக்சன் ஐந்தாம் முறை அதிபராக முயல்வதாகச் செய்தித்தாள் கூறுகிறது. உழைப்பின்றி வந்த செல்வம் சட்டத்தையும் கல்வியையும் விழுங்கும் என்பதை, சொற்பொழிவு ஏதுமின்றி, ஓர் ஊரின் தோற்றமே உணர்த்திவிடுகிறது. பிஃப்பைப் படைக்கையில் டோனால்ட் டிரம்பை மனத்திற் கொண்டதாகக் கேல் 2015இல் கூறினார்.

மாந்தரைக் காட்டும் முறையோ இத்துணைச் சிறப்புடையதன்று. 2015இல் மார்ட்டியை வேலையிலிருந்து நீக்கும் முதலாளி ஒரு ஜப்பானியர். ஜப்பானியப் பொருளாதாரம் தம்மை விஞ்சிவிடும் என 1980களில் அமெரிக்கர் கொண்டிருந்த அச்சமே அவர் உருவில் நிற்கிறது. மாறிப்போன 1985இல், மார்ட்டியின் வீட்டில் ஒரு கறுப்பர் குடும்பம் வாழ்கிறது. இரவில் சாளரம் வழி நுழைந்தவன் மார்ட்டி. தம் இல்லத்தைக் காக்க முனைந்தோர் அவர்கள். எனினும் அவர்கள் அங்கு வாழ்வதை, ஊர் கெட்டதற்கு ஓர் அடையாளமாகவே கதை கொள்கிறது. முதற் படத்தில் உணவகப் பணியாளாயிருந்து நகரத் தலைவராக உயர்ந்தவர் கோல்டி வில்சன் என்னும் கறுப்பர். இதிலோ அவர் பேரனுக்குக் கிடைத்த இடம் ஒரு சிறு விளம்பரமே.

பெண்டிர் நிலை யாது? மார்ட்டியின் தாய் லொரேன் பிஃப்பை எதிர்த்துப் பேசுகிறாள். பின் மக்கள் பொருட்டுப் பணிகிறாள். காதலி ஜெனிஃபரோ படத்தின் பெரும்பகுதியில் உறங்குகிறாள். தொடர்ச்சி எடுக்கும் எண்ணமின்றி முதற் படத்தின் முடிவில் அவளை ஊர்தியில் ஏற்றிவிட்டனர். பின்னர் அவளுக்குரிய செயல் தோன்றாமையால் மயக்கிக் கிடத்தினர்.

வெறும் நகைச்சுவைக்கு இத்தகைய ஆய்வு எதற்கு எனச் சிலர் வினவலாம். நகைப்பு நம் காவலைத் தளர்த்துகிறது. தளர்ந்த நேரத்தில் நுழையும் கருத்தே ஆழப் பதிகிறது. ஆக்கியோர் எண்ணித் தீட்டிய அரசியல் கூர்மை பெற்றது. பழக்கத்தால் தீட்டிய மாந்தர் மழுங்கினர். ஆகவே, மாணவரொடு ஒரு படத்தை ஆராயும் ஆசிரியர், அதில் எவரெவர் தோன்றுகின்றனர் என எண்ணுவதோடு அமையாது, கதையை நகர்த்தும் செயல் எவர் கையில் உள்ளது எனவும் வினவுதல் வேண்டும். ஒன்றில் வென்ற படம் மற்றொன்றில் தோற்கலாம்; இரண்டையும் மறையாது கூறுவதே நேரிய மதிப்பீடு.