கணனி கண்ட குத்துச்சண்டை

வெவ்வேறு காலத்துக் குத்துச்சண்டை வீரருள் வல்லவர் யாவர்? இவ்வினாவுக்குக் கணனி கூறிய விடையொன்று உண்டு. றொக்கி மார்சியானோ 49 போட்டிகளிலும் தோல்வி காணாது 1956இல் ஓய்வு பெற்றவர். முகமது அலியோ, வியட்நாம் போருக்குச் செல்ல மறுத்தமையால் 1967இல் பட்டம் பறிக்கப்பட்டவர். இருவரும் 1969இல் படக்கருவி முன் மோதி நடித்தனர்; முடிவு கணனிக்கு விடப்பட்டது. அமெரிக்காவில் 1970 சனவரியில் காட்டப்பட்ட படத்தில் மார்சியானோ 13ஆஞ் சுற்றில் வென்றார். அதனைக் காண அவர் உயிருடன் இல்லை. 1969 ஓகஸ்டில் விமான விபத்தில் மாண்டார்.

எண்ணிக்கையை மட்டும் நோக்கின் 49 பெரிதே. ஆயின், மார்சியானோ 1951இல் வீழ்த்திய ஜோ லூயிஸுக்கு வயது 37. அவர் நிறை ஏறத்தாழ 185 இராத்தல். அலியின் நிறை 210. மேலும், அலியின் வாழ்வில் பாதியையே கணனி அறிந்திருந்தது. அதுவரை தோல்வியே அறியாத 25 வயது ஜோர்ஜ் போர்மனை அலி வீழ்த்தியது 1974இல்.