பிரித்து வைத்த கொள்ளிகள்

அடுப்பில் கொள்ளிகள் சேர்ந்திருந்தால் தீ கனன்று எரியும். பிரித்து வைத்தால் தானே தணியும். நம் பாட்டிமார் விறகடுப்பில் கண்ட இந்த உண்மை அணுமின் நிலையத்திலும் பயன்படுகிறது என்றால் வியப்பாக இல்லையா?

நம் கோட்டுச்சேரிமேட்டுக்கு வடக்கே இதே கடலோரத்தில் கல்பாக்கம் இருக்கிறது. தெற்கே கூடங்குளம் இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை நம் கரையையும் கல்பாக்கத்தையும் ஒருங்கே தாக்கியது. அங்கு இயங்கிக்கொண்டிருந்த உலை பத்திரமாக நிறுத்தப்பட்டது. ஆனால், உலையிலிருந்து எடுத்துச் சேமித்து வைத்த பழைய எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்ளாதா? இதைத்தான் நாம் இங்கே ஆராய்வோம்.

யுரேனியம்-235 அணுக்கரு ஒன்று பிளக்கும்போது சராசரியாக 2.4 நியூட்ரான்கள் வெளிப்படுகின்றன. அவற்றுள் ஒன்றேனும் தவறாமல் மற்றோர் அணுக்கருவைப் பிளந்துகொண்டே போனால் தொடர்வினை நிலைக்கிறது. இதுவே மாறுநிலை. உலைக்குள் இது தேவை. சேமிப்புக் குளத்தில் இது கூடவே கூடாது. பயன்படுத்திய எரிபொருளிலும் பிளவுறத்தக்க யுரேனியமும் புளுட்டோனியமும் எஞ்சியிருக்கின்றன.

இங்கே ஒரு விந்தை உண்டு. நீர் அடுப்பை அணைக்கும். ஆனால் நியூட்ரானின் வேகத்தைத் தணித்து அணுப்பிளவுக்குத் துணை செய்யும். ஆயினும் வெப்பத்தையும் கதிர்வீச்சையும் தடுக்க நீர் இன்றியமையாதது. அப்படியானால் என்ன செய்வது?

கல்பாக்கத்தின் கனநீர் உலைகளில் இடப்படுவது இயற்கை யுரேனியம். அதில் யுரேனியம்-235 வெறும் 0.7 விழுக்காடே. சாதாரண நீரில் அதை எப்படி அடுக்கினாலும் மாறுநிலை எய்தாது. கூடங்குளத்திலோ செறிவூட்டிய யுரேனியம் பயன்படுகிறது. இத்தகைய எரிபொருட் கட்டுகளை இடைவெளி விட்டு நிறுத்துகிறார்கள். நியூட்ரான்களை விழுங்கும் போரானை நீரிலும் அடுக்குகளின் எஃகிலும் கலக்கிறார்கள். ஒரு தலைமுறையில் 100 நியூட்ரான்கள் இருந்தால் அடுத்ததில் 95-க்கு மேல் இருக்கலாகாது என்பது உலகெங்கும் கைக்கொள்ளும் வரம்பு. அப்படிக் குறைந்துகொண்டே வந்தால் தொடர்வினை மடிந்துவிடும் அல்லவா?

வரம்பை மீறினால் என்னவாகும்? 1999 செப்டம்பர் 30 அன்று ஜப்பானின் தொக்காய்முராவில், எரிபொருள் தயாரிக்கும் கூடமொன்றில், 2.4 கிலோ யுரேனியமே அனுமதிக்கப்பட்ட இடத்தில் ஏறத்தாழ 16 கிலோவைக் கரைசலாக ஒரே தொட்டியில் ஊற்றினார்கள். குண்டுபோல் வெடிக்கவில்லை, நீலஒளி தோன்றியது, கடுங்கதிர்வீச்சு பரவியது. ஏறக்குறைய 20 மணி நேரம் நீடித்த தொடர்வினை, தொட்டியைச் சூழ்ந்திருந்த குளிர்நீரை வெளியேற்றிய பின்னரே அடங்கியது. தொழிலாளர் இருவர் பின்னர் உயிரிழந்தனர். வேலையைச் சுருக்கமாக முடிக்க எண்ணியதே அவர்கள் உயிருக்கு உலையாயிற்று!

மாறுநிலையைத் தடுத்துவிட்டால் கவலை முழுதும் தீர்ந்ததா? இல்லை. பழைய எரிபொருள் தொடர்வினையின்றியே வெப்பத்தை உமிழ்ந்துகொண்டிருக்கும்; அதை ஆண்டுக்கணக்கில் குளிர்விக்க வேண்டும். 2013 மே 6 அன்று கூடங்குளம் வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றமும் பயன்படுத்திய எரிபொருளைப் பாதுகாப்பாகக் கையாள வேண்டும் என்று பணித்தது.

ஆகவே, தோழியரே! அணுவைக் கண்டு காரணமின்றி நடுங்கவும் வேண்டாம். கண்ணை மூடி நம்பவும் வேண்டாம். கொள்ளிகள் பிரித்து வைக்கப்பட்டுள்ளனவா என்று கேட்கத் தெரிந்தவர்களாய் இருப்போம். கடற்கரையில் வாழும் நமக்கு அந்த அறிவு மிகவும் தேவை.