நின்ற காரும் லாரி பேட்டரியும்

2020 மார்ச் 25-இல் தொடங்கிய ஊரடங்கில் மளிகைக் கடைகளுக்கு அனுமதி இருந்தது. ஆனால் நம்மில் பலருடைய கார்கள் வாரக்கணக்கில் நின்றுவிட்டன. பிறகு சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' சத்தம்தான். கடிகாரமும் அலாரமும் நின்ற வண்டியிலும் கரண்ட் எடுத்துக்கொண்டே இருக்கும்.

அப்போது எங்கள் குடோனுக்குச் சரக்கு கொண்டுவந்த லாரி டிரைவர், தம் பேட்டரியிலிருந்து ஒயர் கொடுக்க முன்வந்தார். நல்ல மனசுதான், நான் தடுத்துவிட்டேன். பெரிய லாரிகளுக்கு 24 வோல்ட், காருக்கு 12. மாட்டியிருந்தால் காரின் எலக்ட்ரானிக் பாகங்கள் கருகியிருக்கும்.

ஆகவே இன்னொரு காரையே கொண்டுவாருங்கள். இரண்டையும் அணைத்துவிட்டு, சிவப்பு ஒயரை முதலில் செத்த பேட்டரியின் பிளஸ்ஸிலும், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டவும். கறுப்பு ஒயரை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை நின்ற காரின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் பிடிக்கவும். பேட்டரி மேலேயே கடைசி முனையை மாட்டினால் பொறி பறந்து, அங்கே தங்கும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கக்கூடும். பீடி, சிகரெட் பக்கத்திலேயே ஆகாது.

நல்ல காரை ஐந்து நிமிடம் ஓடவிட்டு, மற்றதைக் கிளப்புங்கள். மாட்டிய வரிசைக்குத் தலைகீழாக ஒயர்களைக் கழற்றி, அரை மணி நேரமாவது ஓட்டிவிட்டு வாருங்கள்.

இனி வாரக்கணக்கில் நிறுத்துவதானால் மைனஸ் ஒயரைக் கழற்றி வையுங்கள். பெரும்பாலான கார்களுக்குப் பத்தாம் நம்பர் ஸ்பேனர் போதும்.