சீயக்காய் போகாத இடம்

இடியாப்பம் பிழிந்து முடித்த கையோடு அச்சைத் தண்ணீரில் போடாமல் அப்படியே விட்டுப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் துளைகளில் ஒட்டிய மாவு காய்ந்து கல்லாகிவிடும். அடுத்த முறை பிழியும்போது சில துளைகளில் மாவே வராது, சிலவற்றில் கோணலாக வரும். கை வலிக்க அழுத்தினாலும் நூல்நூலாக விழாது. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் கார் எஞ்சினில், பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டரின் நுனிக்கு நேர்வதும் இதேதான்.

அந்த நுனியில் பொதுவாக ஐந்தாறு துளைகள் இருக்கும். ஒவ்வொன்றின் அகலமும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. பழைய வகை எஞ்சின்களில் பெட்ரோல் 3, 4 பார் அழுத்தத்தில் வந்தால் போதும். இங்கே 200 பார், புதிய எஞ்சின்களில் 350 பார் வரைகூடப் போகிறது. அந்த வேகத்தில் வருவதால்தான் பெட்ரோல் பனிப்புகை மாதிரி நுணுகிச் சிதறி, கண்ணிமைக்கும் நேரத்துக்குள் காற்றோடு கலந்துவிடுகிறது. ஆனால் நுனி இருப்பது, பெட்ரோல் எரியும் சிலிண்டர் என்ற அடுப்புக்குள்ளேயே. ஒவ்வொரு முறை தூவி மூடியதும் துளை வாயில் ஒட்டிக்கொண்டு மிஞ்சும் ஈரம், அடுத்த நொடி எரியும் நெருப்பில் வெந்து கரியாகப் படிகிறது. நிமிடத்துக்கு ஆயிரம் தடவைக்கு மேல் இது நடக்கும். படிவு ஏற ஏற, தூவல் சாய்ந்துபோய் பிஸ்டன் மேலும் சிலிண்டர் சுவரிலும் பெட்ரோல் நனைகிறது. நனைந்த பெட்ரோல் சரியாக எரியாது. புகைக்கரி கூடும், மைலேஜ் குறையும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சின் ஒரு மாதிரி குலுங்கும்.

சரி, பெட்ரோலை ஏன் அடுப்புக்குள் கொண்டுபோய்ப் பீய்ச்ச வேண்டும்? தோசைக்கல் அதிகம் காய்ந்துவிட்டால் ஒரு கை தண்ணீர் தெளிக்கிறோம். சுர்ரென்று ஆவியாகி, கல்லின் சூட்டைத் தன்னோடு கொண்டுபோய்விடுகிறது. சிலிண்டருக்குள் ஆவியாகும் பெட்ரோலும் அப்படியே உள்ளே இருக்கும் காற்றைக் குளிர்விக்கிறது. குளிர்ந்த காற்றை இன்னும் இறுக்கி அமுக்கலாம், டர்போ வைத்து இன்னும் திணிக்கலாம். சின்ன எஞ்சினிலிருந்து பெரிய எஞ்சினின் இழுவை கிடைக்கும். 1996-இல் மிட்சுபிஷி இதைக் கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டோடு சந்தைக்குக் கொண்டுவந்தது. இந்தியாவில் 2013-இல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ, 2019-இல் வந்த வென்யூவின் ஒரு லிட்டர் டர்போ எல்லாம் இந்த வழியில் வந்தவை.

இதில் இழந்தது ஒன்று உண்டு. பழைய முறையில் பெட்ரோல் தூவப்பட்டது காற்று நுழையும் வால்வின் முதுகில். எரிவதற்கு முன் அது வால்வைக் கழுவிவிட்டே உள்ளே போனது. இப்போது அந்த வால்வு வழியாக வெறும் காற்று மட்டும் போகிறது.

வெறும் காற்று என்றா சொன்னேன்? தினமும் வடை, பஜ்ஜி சுடும் கடையின் எக்ஸாஸ்ட் ஃபேனைப் பார்த்திருப்பீர்கள். இறக்கையில் எண்ணெய் ஆவி படிந்து, தூசி சேர்ந்து, கரும் பிசினாகத் தொங்கும். எஞ்சினிலும் எண்ணெய் ஆவி உண்டு. பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் வாயு, ஆயில் துளிகளை ஏந்திக்கொண்டு மேலே வருகிறது. அதை ஊர்க்காற்றில் விடக் கூடாது என்பதால் பிசிவி என்ற வால்வு வழியாகத் திரும்பவும் காற்றுப் பாதைக்கே அனுப்புகிறார்கள். அந்த ஆயில், சூடான வால்வின் முதுகில் உட்கார்ந்து வெந்து கரியாகிறது. கழுவ ஆளில்லை.

எங்கள் ஊர்ப் பட்டறையில் அப்படி ஒரு எஞ்சினைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். 70,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி, முழுக்க நகரத்து நெரிசலில் ஓடியது. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றியதும், வால்வின் தண்டு ஒரு விரல் தடிமனுக்குக் கரி போர்த்தி நின்றது. கறிக்குழம்பு அடிப்பிடித்துத் தீய்ந்த சட்டியின் அடியைப் போல, மேடும் பள்ளமுமாக, தொட்டால் எண்ணெய்ப் பிசுக்கு. உரிமையாளருக்கு ஆற்றாமை. சர்வீஸ் விடும்போதெல்லாம் ஒரு பாட்டில் அடிட்டிவ் ஊற்றி, அதற்குத் தனியாகப் பணமும் வாங்கியிருக்கிறார்கள். "நாலு பாட்டில் ஊத்தியிருக்கேன் தம்பி. இது ஏன் போகல?"

"பெட்ரோல் இந்தப் பக்கமே வராதுண்ணே" என்றார் மெக்கானிக்.

அடிட்டிவ் வாங்கும் யாருக்கும் இந்த ஒரு வரியை யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும். அந்த மருந்து பொய்யில்லை. நல்ல அடிட்டிவில் இருப்பது பெரும்பாலும் பாலியீதர் அமீன் என்ற சோப்புச் சரக்கு. எண்ணெய் தேய்த்த தலைக்குச் சீயக்காய் என்ன செய்கிறதோ அதைத்தான் இதுவும் செய்கிறது. சீயக்காயின் மூலக்கூறில் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரோடு போகும். இங்கே நைட்ரஜன் உள்ள தலை கரியைப் பற்றிக்கொள்ள, வால் பெட்ரோலில் கரைந்து நிற்கிறது. படிவு துளித்துளியாகக் கழன்று எரிந்து வெளியேறுகிறது. அடுப்புச் சூட்டையும் இது தாங்கும். இன்ஜெக்டர் துளைகள், பிஸ்டன் தலை என்று பெட்ரோல் தொடும் இடங்களில் பலன் உண்மையாகவே உண்டு. ஆனால் உச்சந்தலையில் ஊற்றிய சீயக்காய் முதுகில் போட்ட சட்டையைத் துவைக்காது.

பாட்டிலை வாங்கும்போது அது துப்புரவுச் சரக்குதானா என்று பாருங்கள். ஆக்டேன் கூட்டும் பாட்டில் வேறு, அது கரியைத் தொடாது. ஒரு முழு டேங்குக்கு ஒரு பாட்டில் என்று போட்டிருந்தால் ஒன்றுதான். இரண்டு ஊற்றினால் இரட்டிப்புச் சுத்தம் வராது. ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன்பு ஊற்றுவது நல்லது, ஏனென்றால் இந்தச் சரக்கில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். சில கார்களின் மேனுவல் குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு ஒரு பாட்டில் ஊற்றச் சொல்கிறது, சில எதையும் ஊற்றக் கூடாது என்கின்றன. கடைக்காரர் பேச்சைவிட அந்தப் பக்கத்தை நம்புங்கள்.

வால்வுக்கு வழி வேறு. டொயோட்டா தன் டி-4எஸ் எஞ்சின்களில் இரண்டு வகை இன்ஜெக்டர்களையும் வைத்து, வால்வையும் அவ்வப்போது கழுவ வைத்தது. அந்த வசதி இல்லாத வண்டிக்கு, ஆவி குறைவாக எழும் சரியான தர ஆயிலைக் காலத்தில் மாற்றுவதுதான் முதல் காப்பு. தினமும் இரண்டு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நிறுத்தினால் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராமலே பிசுக்கு சேரும். அவ்வப்போது நெடுஞ்சாலையில் ஒரு நீண்ட ஓட்டம் கொடுப்பது நல்லது. காற்றுப் பாதையில் அடிக்கும் ஸ்ப்ரே ஆரம்பப் பிசுக்குக்கு உதவலாம். டர்போ வண்டியில் அதை விவரம் தெரிந்தவரிடமே விட வேண்டும்.

கரி கெட்டியாகிவிட்டால் சுரண்டத்தான் வேண்டும். அன்று பட்டறையில் செய்ததும் அதுவே. வால்நட் ஓட்டைப் பொடித்து, அழுத்தக் காற்றில் வால்வின் மேல் பாய்ச்சுகிறார்கள். தேங்காய் நாரும் சாம்பலும் போட்டு விளக்குகிற கணக்கு: கரியைப் பெயர்க்கும், பாத்திரத்தைக் கீறாது. ஒவ்வொரு சிலிண்டருக்கும் முன்னால் மெக்கானிக் எஞ்சினைக் கையால் சுற்றி, அந்த வால்வுகள் முழுக்க மூடியிருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பார்த்துக்கொண்டார். திறந்திருந்தால் பொடி சிலிண்டருக்குள் போய்விடும். பழுப்பாக உள்ளே போன பொடி, வேக்குவம் குழாயில் கறுப்பாகத் திரும்பியது. கடைசியில் வால்வின் தண்டு சாம்பல் நிறத்தில் பென்சில் மாதிரி மெலிந்து தெரிந்தபோது, அந்த அண்ணன் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

டிக்கியில் ஐந்தாவது பாட்டில் பிரிக்காமல் கிடந்தது. இதைத் தூக்கிப் போட்டுவிடவா என்று கேட்டார்.

"ஏண்ணே? ஆயில் மாத்த இன்னும் ஐந்நூறு கிலோமீட்டர் இருக்கு. டேங்க் ஃபுல் பண்றப்ப ஊத்திடுங்க. இன்ஜெக்டருக்கு ஆகும்."