மாடித் தொட்டியில் மழைக்காலக் கஷாயம்

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீடுகளின் சுவர்கள் ஓதம் காத்து நிற்கும். மார்கழி பிறந்தால் ஏரிப் பக்கமிருந்து பனி இறங்கும். தொண்டை கரகரக்கும், மூக்கு அடைக்கும். அந்த நாட்களில் இதமாகக் குடிக்க, விலை கூடிய ஹெர்பல் டீ பாக்கெட்டுகள் தேவையே இல்லை. மாடியில் நான்கைந்து தொட்டிகள் போதும்.

எதை வளர்ப்பது?

முதலில் ஓமவல்லி. பக்கத்து வீட்டில் ஒரு கிளை கேட்டு வாங்கி மண்ணில் ஊன்றினாலே வேர் பிடிக்கும். அதிக ஈரம் அதற்கு ஆகாது. மழை நாட்களில் சன்ஷேடுக்குக் கீழே நகர்த்திவிடுங்கள். துளசியில் பூங்கதிர்களைக் கிள்ளிவிட்டால் தழை பெருகும். கடையில் வாங்கிய புதினாவின் தண்டே நாற்றாகும். எலுமிச்சைப்புல்லுக்குப் பெரிய பக்கெட் வேண்டும். எந்தச் செடியிலும் ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பறிக்காதீர்கள். அப்படி அளவாகப் பறித்தால் தை, மாசி வரை பறித்துக்கொண்டே இருக்கலாம்.

ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவு நீரை நம்மில் பலர் செடிக்கு ஊற்றுகிறோம். அதில் உப்பு அதிகம். தினமும் ஊற்றினால் இலை நுனி கருகும். அரிசி கழுவிய தண்ணீர் நல்லது. சாலையோரம், ஏரிக்கரையில் தானாக வளர்ந்த செடிகளிலிருந்து பறித்துக் குடிக்க வேண்டாம். புகையும் சாக்கடையும் படிந்த இலை அது.

தொட்டிக்கு அடியில் இருக்கும் ஆபத்து

இதை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். தொட்டித் தட்டில் தேங்கும் மழைநீர் அதற்குத் தாராளம். முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். ஆகவே வாரம் ஒருமுறையாவது தட்டைக் கவிழ்த்து, உள்பக்கத்தை நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒட்டியிருக்கும் முட்டைகள் வெறுமனே கொட்டினால் போகாது. மழை முடியும்வரை தட்டே இல்லாமல் வைப்பது இன்னும் நல்லது.

போடும் முறை

இஞ்சி, மிளகு கொதிக்க வேண்டியவை. இலைகள் அப்படியல்ல, கொதிக்கவிட்டால் வாசனை எண்ணெய் ஆவியோடு போய்விடும். ஒரு டம்ளர் தண்ணீரில் தட்டிய இஞ்சியைக் கொதிக்கவிட்டு, அடுப்பை அணைத்தபின் ஐந்தாறு துளசி இலையோ இரண்டு ஓமவல்லி இலையோ கிள்ளிப் போட்டு, ஐந்து நிமிடம் மூடி வையுங்கள். தேயிலை சேராததால் காஃபீன் கிடையாது; இரவிலும் குடிக்கலாம். ஆனால் சுடச்சுட வேண்டாம். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான பானங்களை, உணவுக்குழாய்ப் புற்றுநோயை அநேகமாக உண்டாக்கக்கூடியவை என்ற வரிசையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் வைத்தது. இனிப்புக்குச் சேர்க்கும் கருப்பட்டியும் சர்க்கரைதான், நீரிழிவு உள்ளவர்கள் தவிர்க்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது.

மருந்து வேறு

இதுவரை சொன்னது வெறும் பானம்; நிலவேம்புக் குடிநீரோ 9 சரக்குகள் சேர்ந்த சித்த மருந்து. கர்ப்பிணிகள் தாமாக எடுக்கக் கூடாது. இரத்தம் உறையாதிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் எந்த மூலிகையையும் தினசரி வழக்கமாக்குமுன் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

காய்ச்சலோடு கடும் வயிற்றுவலி, தொடர் வாந்தி, ஈறில் இரத்தம், மூச்சிரைப்பு இருந்தால் கஷாயத்தில் நேரம் போக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். இருமல் இரண்டு வாரம் தாண்டினால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். அரசு மருத்துவமனைகளில் இலவசம். சித்த மருத்துவம் நாடுவோருக்கு அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவ மருத்துவமனை இருக்கிறது. எங்கே போனாலும், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளின் சீட்டையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள்.